ஆறிய புண், திரும்பாத பார்வை: விழித்திரைத் தழும்பு பற்றி

கடந்த ஆண்டு பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பதினோராம் தரத்து மாணவி ஒருத்தியின் தகப்பனார் என்னிடம் வந்தார். புளியங்குளத்துக்கு உட்புறமாக வயல் செய்கிறவர். 2009ஆம் ஆண்டு ஷெல் துண்டு பட்டு வலது கண்ணின் பார்வையை இழந்தவர். மகளின் தமிழ்ப் புள்ளியைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சேர், மீனுக்குக் கண் பழுதானால் அது தன்ரபாட்டில திரும்ப வளருமாமே. மெய்யோ?"

கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதன் முதற் பாதியில் உடம்பெல்லாம் வரிபோட்ட ஒரு சின்ன மீன். அதன் விழித்திரையை ஆய்வாளர்கள் பழுதாக்குகிறார்கள். சில வாரங்களில் மீன் மறுபடி பார்க்கிறது. இரண்டாம் பாதியில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்து, அதே வித்தையை மனிதனுக்குச் செய்யும் 'மூலக்கல ஊசி' தங்களிடம் இருப்பதாகச் சொல்கிறார். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு இவர் ஏற்கெனவே எடுத்துக் கதைத்திருந்தார். போக்குவரத்துடன் 12 இலட்சம் ரூபா கேட்டார்களாம்.

"காணி உறுதியை வைச்சால் புரட்டலாம் சேர். பிள்ளை வேண்டாமெண்டு அழுகுது. நீங்கள் இங்கிலீசும் வாசிக்கிறனீங்கள்தானே, பார்த்துச் சொல்லுங்கோ."

"நான் தமிழ் படிப்பிக்கிறவன் அண்ணை. ரெண்டு கிழமை தாங்கோ, வாசிச்சுப் போட்டுச் சொல்றன். அதுவரைக்கும் உறுதியை ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ" என்றேன்.

இரண்டு கிழமை என்றது இரண்டு மாதமாக நீண்டது. எங்கள் உயிரியல் ஆசிரியரை வீடுவரை துரத்தினேன். வாசித்ததில் விளங்கியதை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி வன்னியில் மட்டும் இல்லை. நீரிழிவு புகாத வீடு அபூர்வமாகிவிட்ட எமது ஊர்களிலும், காத்தான்குடியிலும் புத்தளத்திலும் மன்னாரிலும், இதே கேள்வியோடு ஆட்கள் இருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவின் முதற் பாதி உண்மை. இரண்டாம் பாதி, இன்றைய நிலையில், பொய். ஏன் அப்படி என்பதற்கான விளக்கம் இரண்டு பாதிக்கும் ஒன்றுதான்.

திரையா, வலையா?

சொல்லிலிருந்து தொடங்குவது என் தொழிற் பழக்கம். 'விழித்திரை' என்று நாம் சொல்வதில் ஒரு சிறு வசதியும் ஒரு சிறு மயக்கமும் உண்டு. படம் விழும் இடம் என்பது உடனே விளங்குகிறது, அது வசதி. திரை என்றால் கிழிந்ததைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்று தோன்றுகிறது, அது மயக்கம். "ஆரும் கண் தானம் குடுத்தால் மாத்தேலாதோ?" என்று அவர் கேட்டதும் இந்த மயக்கத்தால்தான்.

அரபு மருத்துவர்கள் இதனை 'ஷபகிய்யா' என்றார்கள். 'ஷபகா' என்றால் வலை. கிரேக்க மருத்துவம் வலைக்கு ஒப்பிட்டதை அரபு ஏற்றுக்கொண்டது. 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியர்களின் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலை அரபியில் எழுதினார். அரபு மருத்துவ நூல்கள் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோவில் இலத்தீனுக்குப் போனபோது, வலை என்ற பொருளுள்ள 'ரேத்தே' என்ற சொல்லால் இதனைப் பெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் இன்று 'ரெட்டினா' என்பது அதன் வழிவந்ததே. நமது பெரியார் இப்னுல் ஹைதம் ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். எனினும் கண்ணுக்குள் ஒளியை உணரும் இடம் வில்லை என்றே அவர் கருதினார். படம் விழுவது விழித்திரையில் என்று 1604இல் எழுதியவர் கெப்ளர்.

வலை என்ற சொல் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. விழித்திரையின் தடிப்பு ஏறத்தாழ கால் மில்லிமீற்றர்தான். அதற்குள் மூன்று அடுக்கு நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதுபோல் தொடுக்கப்பட்டிருக்கின்றன. பின் அடுக்கில் ஒளியை உணரும் கோல்களும் கூம்புகளும் உள்ளன. மங்கல் வெளிச்சத்துக்கான கோல்கள் சுமார் 12 கோடி, நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான கூம்புகள் சுமார் 60 இலட்சம். இவை பெற்ற செய்தியை நடு அடுக்கு சுருக்குகிறது. முன் அடுக்கிலிருந்து புறப்படும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நார்கள் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன. வளர்ச்சியின் கணக்கில் பார்த்தால் விழித்திரை மூளையின் ஒரு பகுதியே. முளையத்தில் மூளை அரும்பும்போது அதிலிருந்து கிளைத்து வந்தது அது.

கண் தானத்தில் எடுத்துப் பொருத்துவது இந்த வலையை அல்ல. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் விழிவெண்படலத்தை. அதில் இரத்தக் குழாய் இல்லை, மூளையோடு முடிச்சுப்போட வேண்டிய வேலையும் இல்லை. ஆகவே மாற்றலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் இத்தனை ஆண்டுகளாகப் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பிவருவது இந்தப் படலத்தைத்தான். இலட்சக்கணக்கான முடிச்சுகளால் மூளையோடு பிணைந்த விழித்திரையை அறுத்தெடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை.

முட்டுக்கொடுக்கும் கலம்

இந்த வலையில் நரம்புக் கலங்கள் தவிர்ந்த இன்னொரு வகைக் கலம் இருக்கிறது. 1851இல் இதனை விவரித்த ஜேர்மானிய அறிஞர் ஹைன்ரிக் முல்லரின் பெயரால் முல்லர் கலம் என்பார்கள். பந்தலுக்கு நட்ட கப்புப்போல விழித்திரையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை இது நீண்டு நிற்கிறது. நரம்புக் கலங்களைத் தாங்குவது, உணவூட்டுவது, அவை செய்தி அனுப்பப் பயன்படுத்திய இரசாயனங்களைக் கூட்டித் துப்புரவாக்குவது எல்லாம் இதன் பொறுப்பு. இது பார்ப்பதில்லை. ஆனால் இது இல்லாமல் பார்வை இல்லை.

மீனிலும் இதே கலம் உண்டு. கோழியிலும் உண்டு, எலியிலும் உண்டு, எங்களிலும் உண்டு. விழித்திரை காயப்படும்போது இவை எல்லாவற்றிலும் இந்தக் கலம் விழித்துக்கொள்கிறது. விழித்தபின் அது என்ன செய்கிறது என்பதில்தான் மீனின் வழியும் எங்கள் வழியும் பிரிகின்றன.

மீன் செய்வது

வீடியோவில் வந்தது வரிக்குதிரை மீன். நாலு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் வீட்டில் நீங்கள் கண்டிருப்பீர்கள். தென்னாசிய ஆறுகளுக்குரிய மீன் இது. பிரான்சிஸ் ஹமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை ஆற்று மீன்கள் பற்றிய நூலில்தான் முதலில் விஞ்ஞானப் பெயர் பெற்றது. அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் இதனை ஆய்வுகூடப் பிராணியாக நிலைநிறுத்தினார். இன்று உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் நீந்துகிறது.

இம்மீனின் விழித்திரையைக் கடும் ஒளியாலோ ஊசியாலோ நஞ்சாலோ பழுதாக்கினால் நடப்பது இது. இறந்துகொண்டிருக்கும் நரம்புக் கலங்களிலிருந்து அபாயச் செய்தி வெளியாகிறது. அருகிலுள்ள முல்லர் கலம் அதனை உணர்கிறது. உணர்ந்ததும் தன் முதிர்ந்த நிலையிலிருந்து படியிறங்கி, முளையத்தில் இருந்த இளம் நிலையை நோக்கித் திரும்புகிறது. பிறகு அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மறுபடி முல்லர் கலமாகவே தன் பழைய இடத்துக்குப் போகிறது. மற்றது தொடர்ந்து பிரிந்து ஒரு கொத்தாகப் பெருகுகிறது. அந்தக் கொத்திலுள்ள கலங்கள் முல்லர் கலத்தின் உடலையே ஏணியாகப் பிடித்துக்கொண்டு பழுதான அடுக்குக்குச் செல்கின்றன. அங்கே கோல் குறைந்திருந்தால் கோலாகவும், கூம்பு குறைந்திருந்தால் கூம்பாகவும் முதிர்ந்து, பழைய தொடர்புகளை மறுபடி முடிகின்றன. சில வாரங்களில் மீன் அசையும் கோடுகளைப் பார்த்துத் திரும்புகிறது.

வேலையை முடித்த முல்லர் கலம் குறைந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். விதைநெல்லை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தை விதைத்த கமக்காரனைப்போல அது நடந்துகொள்கிறது.

இந்தப் படியிறக்கம் எப்படி நிகழ்கிறது என்று ஆராய்ந்தவர்களுள் நமது பக்கத்து நாட்டவரும் இருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானியல் கோல்ட்மனுடன் பணியாற்றிய ராஜேஷ் ராமச்சந்திரன் 2010இல் வெளியான ஆய்வில், ஏ.எஸ்.சி.எல்.1 என்ற பரம்பரையலகு மீனில் காயத்தின் பின் விழித்தெழுவதும், அது வேறொரு தடையை நீக்குவதும் இந்தப் படியிறக்கத்துக்கு அவசியம் என்று காட்டினார். பின்னர் அவர் பஞ்சாப் மாநிலம் மொஹாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே ஆய்வைத் தொடர்ந்தார்.

கோழிக்குஞ்சும் சுண்டெலியும்

மீனுக்கு அடுத்துச் சொல்ல வேண்டியது நியூட் எனப்படும் வாலுள்ள ஈரூடகவாழி. அது முல்லர் கலத்தை நம்பியிருப்பதில்லை. விழித்திரையை முழுவதுமாக எடுத்துவிட்டாலும், அதற்குப் பின்னால் கறுப்பாக இருக்கும் நிறப்பொருள் மேலணிக் கலங்கள் தம் நிறத்தைத் துறந்து புதிய விழித்திரையாக மாறுகின்றன. இந்தக் கறுப்பு மேலணி எங்களிலும் இருக்கிறது. அது எங்களில் என்ன செய்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோழி நடுவில் நிற்கிறது. முட்டைக்குள் இருக்கும் 21 நாளில் முதல் நாலு நாள்வரை, தகுந்த தூண்டல் இருந்தால் கோழி முளையம் விழித்திரையை மீளாக்கக்கூடியது. அந்த வாசல் அதற்குப் பிறகு மூடிவிடுகிறது. ஆனாலும் முழுவதுமாக அல்ல. பொரித்துச் சில நாளான குஞ்சின் விழித்திரையைப் பழுதாக்கினால் அதன் முல்லர் கலங்கள் விழித்துப் பிரிகின்றன என்று அன்டி பிஷரும் தொமஸ் ரேயும் 2001இல் காட்டினார்கள். பிரிந்தவற்றில் கொஞ்சம் நரம்புக் கலம்போல் ஆகின்றன. பெரும்பாலானவை பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

சுண்டெலியும் மனிதனும் முலையூட்டிகள். எங்கள் முல்லர் கலமும் காயத்தை உணர்கிறது. ஆனால் படியிறங்கிப் பிரிவதற்குப் பதிலாக அது தடிக்கிறது, உள்ளே நார்ப் புரதங்களை நிரப்பிக்கொள்கிறது, கிளைகளை நீட்டி இறந்த கலங்கள் விட்டுச்சென்ற இடைவெளியை அடைக்கிறது. அடைத்த இடம் இறுகுகிறது. அதுதான் விழித்திரைத் தழும்பு.

முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தில் கண்ணுக்குக் கண் நூலோட்டி முடிந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். மீன் செய்வது அது. நாங்கள் செய்வது கிழிந்த இடத்தில் ஒரு சாக்குத்துண்டை வைத்துத் தைப்பது. ஓட்டை அடைபடுகிறது. வலை மேலும் கிழியாமல் நிற்கிறது. ஆனால் அந்த இடம் இனி வலை இல்லை.

தமிழில் 'ஆறுதல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். புண் ஆறுவதும் ஆறுதல், மனம் ஆறுவதும் ஆறுதல். இரண்டிலும் பழையபடி ஆகிவிட்டது என்ற பொருள் கிடையாது. தணிந்துவிட்டது, மூடிவிட்டது என்பதே பொருள். அந்த அண்ணையின் வலது கண்ணில் புண் ஆறி எவ்வளவோ காலம். பார்வை திரும்பாததற்குக் காரணம் புண் ஆறாதது அல்ல. அது ஆறிய விதம்.

ஏன் எங்களுக்கு இந்த வழி?

அல்லாஹ் ஒன்றை மீனுக்குக் கொடுத்து எங்களுக்கு மறுத்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. எங்கள் எலும்பு முறிந்தால் தழும்பில்லாமல் எலும்பாகவே பொருந்துகிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டினால் மிச்சம் பருத்து ஈடுசெய்கிறது. விழிவெண்படலத்தின் மேற்தோல் உரிந்தால் ஓரிரு நாளில் தழும்பின்றி மூடுகிறது. ஆகவே கேள்வி, விழித்திரையில் மட்டும் ஏன் என்பதுதான்.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் சில உண்டு. மீனின் கண் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆகவே புதிய நரம்புக் கலம் உண்டாக்கும் தொழிற்சாலை அங்கே என்றைக்கும் திறந்திருக்கிறது. எங்கள் விழித்திரையோ பிறந்து சில ஆண்டுகளில் தன் வடிவத்தை முடித்துக்கொள்கிறது. முடிந்த வலையில் கலங்கள் நினைத்தபடி பிரிந்தால் பழைய தொடர்புகள் குழம்பலாம், புற்றுநோயும் வரலாம். காயத்தை விரைவாக அடைப்பதும், நல்ல பகுதியைப் பழுதான பகுதியிலிருந்து பிரித்துவைப்பதும் உடனடிப் பாதுகாப்பு. தழும்பு எங்கள் எதிரியாகப் பிறந்ததல்ல, காவலாளியாகப் பிறந்தது.

இங்கே 2020ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு முக்கியமானது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சேத் பிளக்‌ஷோவும் பல நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் வரிக்குதிரை மீன், கோழிக்குஞ்சு, சுண்டெலி ஆகிய மூன்றின் முல்லர் கலங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, காயத்தின் பின் எந்தப் பரம்பரையலகு எப்போது விழிக்கிறது என்று ஒப்பிட்டார்கள். சுண்டெலியின் கலமும் தொடக்கத்தில் விழிக்கிறது. ஆனால் என்.எப்.ஐ. என்ற பெயருள்ள சில புரதங்கள் அதனைத் திரும்பவும் ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடுகின்றன. அந்தப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளை நீக்கிய சுண்டெலிகளில் சில முல்லர் கலங்கள் நரம்புக் கலங்களாக மாறின.

இதற்கு முன்பே, 2017இல், சியாட்டிலில் தொமஸ் ரேயின் ஆய்வுகூடம் மீனில் விழித்தெழும் அந்த ஏ.எஸ்.சி.எல்.1ஐ வளர்ந்த சுண்டெலியின் முல்லர் கலத்தில் வலிந்து இயக்கி, கூடவே ஒரு மருந்தும் கொடுத்து, புதிய நரம்புக் கலங்களைப் பெற்றது. அவை அயற் கலங்களோடு தொடர்பும் கொண்டன. 2025இல் தென்கொரியாவின் கெய்ஸ்ற் நிறுவனம், அயலில் உள்ள நரம்புக் கலங்களிலிருந்து புரொக்ஸ்1 என்ற புரதம் முல்லர் கலத்துக்குள் புகுந்து அதனைத் தடுக்கிறது என்றும், அந்தப் புகுதலை மறித்தால் சுண்டெலியில் மீளாக்கம் தொடங்குகிறது என்றும் அறிவித்தது.

இவை எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்று. எங்கள் முல்லர் கலத்துக்கு ஆற்றல் இல்லாமல் இல்லை. அதன்மேல் தடுப்பு அழுத்தப்பட்டிருக்கிறது. வாசித்தபோது எனக்கும் மனம் துள்ளியது. ஆனால் சுண்டெலியில் உண்டானவை பெரும்பாலும் நடு அடுக்குக் கலங்கள். கோலும் கூம்பும் போதியளவில் வரவில்லை. பார்வை நரம்பு அறுந்திருந்தால் புதிய கலம் மட்டும் போதாது, நார் மூளைவரை நீள வேண்டும். மீனில் அதுவும் நீள்கிறது. எங்களில் நீள்வதில்லை. தடுப்பை எடுத்தால் வண்டி எங்கே போய் முட்டும் என்பதையும் மனிதனில் வைத்துப் பார்க்கும் முன் அறிந்தாக வேண்டும்.

காவலாளி கயிறு இழுக்கும்போது

தழும்பு சும்மா இருந்தால் அந்த இடத்துப் பார்வை மட்டுமே போகும். சில வேளைகளில் அது சும்மா இருப்பதில்லை.

விழித்திரையில் துளை விழுந்தால், கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கண்ணாடியுடனீர் அந்தத் துளையால் பின்னே புகுந்து, சுவரிலிருந்து கடதாசி உரிவதுபோல் விழித்திரையை உரித்துவிடும். பின்புறத்திலிருந்து உணவு பெறும் கோல்களும் கூம்புகளும் பட்டினி கிடக்கத் தொடங்கும். துளையை அடைத்து மீண்டும் ஒட்டவைக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் ஜூல் கொனின் காட்டினார். அதற்குமுன் விழித்திரை உரிந்தால் குருடு என்பதே முடிவு.

இங்கேதான் அந்தக் கறுப்பு மேலணி வருகிறது. நியூட்டில் புதிய விழித்திரையாக மாறும் அதே கலங்கள், எங்களில் துளை வழியாக வெளியே மிதந்து, விழித்திரையின் மேல் படிந்து, தசைபோலச் சுருங்கும் நார்க் கலங்களாக மாறுகின்றன. முல்லர் கலங்களும் சேர்ந்துகொள்கின்றன. மெல்லிய சவ்வு உண்டாகிச் சுருங்குகிறது. வெற்றிகரமாக ஒட்டிய விழித்திரையை அது மறுபடி இழுத்து உரிக்கிறது. உரிவுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இது நேர்கிறது. துண்டு துளைத்த கண்களில் இன்னும் அதிகம். றொபேர்ட் மகெமர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையால், கண்ணுக்குள் நுண்கருவி விட்டுச் சவ்வை உரித்தெடுத்து, சிலிக்கன் எண்ணெயோ வாயுவோ நிரப்பி விழித்திரையை அமர்த்துகிறார்கள். இருந்தும் எல்லாக் கண்களையும் காப்பாற்ற முடிவதில்லை.

நீரிழிவிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். சீனியால் பழுதான குழாய்களுக்குப் பதிலாக விழித்திரையில் பலவீனமான புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை இரத்தம் கசிகின்றன. அவற்றோடு தழும்புச் சவ்வும் வளர்ந்து இழுக்கிறது. வலி கிடையாது. அதுதான் ஆபத்து.

ஆனால் வைத்தியர்கள் தழும்பையே வேலைக்காரனாகவும் ஆக்கியிருக்கிறார்கள். எனது உம்மாவுக்கு நீரிழிவு. கிளினிக்கில் கண்ணுக்கு லேசர் பிடித்தபோது, "கண்ணச் சுடுறாங்களாம் மகன், நல்லதுக்குச் சுடுவாங்களா?" என்று கேட்டார். நல்லதுக்குத்தான். விழித்திரையின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுத் தழும்பாக்கினால் புதுக் குழாய்களுக்கான தூண்டல் அடங்குகிறது. துளையைச் சுற்றிச் சுட்டால் அந்தத் தழும்பு ஒட்டுப்போல் விழித்திரையைச் சுவரோடு பிடித்துவைக்கிறது. சூரிய கிரகணத்தைப் பார்த்துக் கண் சுட்டுக்கொண்டவர்களின் தழும்பைக் கண்டுதான் மேயர்-ஷ்விக்கராத் என்ற ஜேர்மானிய வைத்தியர் 1940களில் இந்த முறையைச் சிந்தித்தார். ஓரத்தில் கொஞ்சம் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் பேரம் இது. உம்மா இன்றைக்கும் குர்ஆன் ஓதுவது அந்தப் பேரத்தால், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஊசி

இனி வீடியோவின் இரண்டாம் பாதி. அமெரிக்காவின் புளோரிடாவில் முதுமையால் விழித்திரை பழுதான மூன்று மூதாட்டிகள் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனார்கள். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த 'மூலக்கலம்' என்று சொல்லி இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். கட்டணம் 5,000 டொலர். சில நாள்களில் இரத்தக் கசிவும் விழித்திரை உரிவும் ஏற்பட்டு இருந்த பார்வையும் பெரும்பாலும் போயிற்று. 2017 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒப் மெடிசின்' இதனை வெளியிட்டது. காயப்பட்ட விழித்திரைக்குள் எதைப் போட்டாலும் அங்கிருக்கும் கலங்கள் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும், அதாவது தழும்பு போடும் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

நேர்மையான மூலக்கல ஆய்வுகளும் உலகில் நடக்கின்றன. அவற்றை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். பரிசோதனை நிலையில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் இலட்சக்கணக்கில் காசு கேட்பவரை நம்பாதீர்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போடுவோம் என்பவரைக் கண்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் கையில் இருப்பது

மீனின் வழி எங்களுக்குத் திறக்கும்வரை எங்கள் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். தழும்பு விழுமுன் போய்ச் சேர வேண்டும். புல்லு வெட்டும் மெசினிலிருந்து கல்லோ கம்பியோ கண்ணில் பட்டால், சுத்தியலால் அடிக்கும்போது இரும்புச் சிராய் தெறித்தால், கசக்கவும் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கவும் கூடாது. தாய்ப்பால், பூச்சாறு எதுவும் விட வேண்டாம். கண்ணை அமர்த்தாமல் ஒரு சின்னக் கோப்பையால் மறைத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. உள்ளே தங்கிய இரும்பு கறள் பிடித்து விழித்திரையை மெல்ல நஞ்சாக்கும்.

கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், திடீரென்று கறுப்புப் புள்ளிகள் நிறைய மிதந்தாலும், ஒரு பக்கத்திலிருந்து சீலை இழுத்ததுபோல் மறைத்தாலும் அது உரிவின் அறிகுறி. நாளைக்கு என்று வைக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைக் காட்டியாக வேண்டும். பள்ளிவாசல்களில் இரத்த தான முகாம் வைக்கிறோம், நல்லது. அதே விறாந்தையில் ஆண்டுக்கொரு நாள் விழித்திரைப் பரிசோதனைக்கும் இடம் கொடுத்தால் எத்தனையோ உம்மாமார் ஓதுவதை விடாமல் இருப்பார்கள். மருந்து தேடுவதும் எங்கள் மார்க்கத்தில் உள்ளதுதானே.

இரண்டு மாதத்துக்குப் பிறகு இவ்வளவையும் அந்த அண்ணையிடம் வேலிக்கரையில் நின்று சொன்னேன். மகளும் பக்கத்தில் நின்றாள். வலது கண் திரும்பாது என்று சொல்லும்போது எனக்கு வார்த்தை தடக்கியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப மீன் மட்டும்தான் சேர்?"

"இப்போதைக்கு மீன் மட்டும்தான் அண்ணை. ஆனால் உங்கட இடது கண்ணைக் கடைசியாய் எப்ப காட்டினீங்கள்?"

காட்டவேயில்லை. அடுத்த கிழமை மகள் அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போனாள். அவருக்குச் சீனி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இடது கண்ணில் மாற்றங்கள் தொடங்கியிருந்தன. இரண்டு தடவை லேசர் பிடித்திருக்கிறார்கள். மருந்து எடுக்கிறார். கிளினிக் கொப்பியை மகள் தன் பாடப் புத்தகங்களோடு வைத்திருக்கிறாள்.

போன போகம் அந்தக் காணியிலேயே விதைத்தார். உறுதி வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது.